கண்டக்டர் இல்லாத டிராம்

"மணி என்னடா?"

"ஆறுக்குப் பத்து நிமிசம் இருக்குண்ணே."

"எந்த மணி? பழசா, தோக்கியோவா?"

"தோக்கியோதான்."

அண்ணன் சிரித்தார். "நீ போட்ட கணக்கா? கதைப் புத்தகத்துல தலைய விட்டுக்கிட்டே போட்டிருப்ப."

அவர் சொன்னது சரிதான். ஜப்பான்காரன் வந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொன்னான். அம்மா மட்டும் தள்ளவில்லை. அந்தக் கடிகாரத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்த நான், ஒன்றரைக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் கூட்டிவிட்டேன். அதனால் காஜா பெராங் சாலையோரத்தில் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றோம்.

மொழிபெயர்ப்பு நாவல்களிலேயே குடியிருப்பவன் நான். அதனால் இதையும் கற்பனை என்பீர்கள். என் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எனக்குத் தேதி தெரியும். 1943 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை. எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் தூங்கவில்லை.

அண்ணன் ஜெயபாலனின் பெயர், ஜப்பான்காரன் சயாம் காட்டில் போடும் ரயில் பாதை வேலைக்கான பட்டியலில் வந்துவிட்டது. காலை எட்டு மணிக்குத் திடலில் போய் நிற்க வேண்டும். முன்னால் போனவர்களிடமிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லை. ஆறு மணிக்கு நல்லையா ஓட்டும் கரி பஸ் வரும்; பெட்ரோல் கிடைக்காததால் அடுப்புக்கரியில் ஓடுவது. அதில் தெங்கேரா கடற்கரை போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து சுமத்ராவுக்கு ஒரு படகு. பஸ்ஸில் ஏறிவிட்டால் அண்ணன் பிழைத்துவிடுவார்.

பயம் தெரியாமலிருக்க டிராமைப் பற்றிக் கேட்டேன். நான் படித்த நாவல்களில் எல்லா ஊரிலும் டிராம் ஓடும். எங்கள் மலாக்காவில் ஓடியதே இல்லை. அண்ணன் பினாங்கில் டிராம் கண்டக்டராக இருந்தவர். கப்பலில் வந்து இறங்கும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரை போகுமாம். முதலில் நீராவியில் ஓடியது, பிறகு மின்சாரத்தில். சண்டை வருவதற்குச் சில வருடம் முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். அண்ணனும் ஊர் திரும்பிவிட்டார்.

"டிரைவருக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாது. கண்டக்டர் ஒரு மணி அடிச்சா நிக்கணும். ரெண்டு அடிச்சா போகணும். எட்டு வருசம் அடிச்ச கைடா இது. தூக்கத்துலகூட மணிக் கயித்தத் தேடும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டங்... டங்...

அம்மாவின் கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தைந்து.

அண்ணன் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். "கால் மணி," என்றார் மெதுவாக. "டிரைவர் காலால அடிக்கிறது."

இரும்போடு இரும்பு உரசும் ஓசை. ஆனால் சாலையில் தண்டவாளம் இல்லை. மேலே கம்பியும் இல்லை.

ஊரே விளக்கை மூடி வைத்திருந்த காலம் அது. வந்த வண்டியிலோ எல்லா சன்னல்களிலும் வெளிச்சம்.

கரிப்புகை நாற்றமே இல்லை. அதுவரை குரைத்துக்கொண்டிருந்த நாய் அடங்கிவிட்டது.

டிராம் எங்கள் முன்னால் நின்றது.

உள்ளே வரிசையாக ஆண்கள். யாரும் திரும்பவில்லை. எல்லாருக்கும் முழங்கால்வரை சேறு... ஈரச் சேறு.

நான் அண்ணனின் சட்டையைப் பிடித்தேன். அவர் முகத்தில் பயமே இல்லை.

"பின்னால ஆள் இல்லடா. கண்டக்டர் இல்லாம எப்படி ஓட்டுறான்?"

"ஏறாதீங்கண்ணே."

"பார்த்துட்டு இறங்கிடுறேன்."

பின்படியில் கால் வைத்தார்.

அவர் கை மேலே போனது. அதை அவர் பார்க்கவேயில்லை. கை தானாகக் கயிற்றைப் பிடித்தது.

டிங்.

டிங்.

இரண்டு.

அப்போதுதான் அண்ணன் தன் கையைப் பார்த்தார். வாய் திறந்தது...

வண்டி நகர்ந்தது.

ஓடினேன்.

வெளிச்சம் இல்லை. சத்தம் இல்லை.

வெறும் சாலை.

மூன்று ஐம்பத்தெட்டு.

நாலரைக்குப் புகை கக்கிக்கொண்டு நல்லையாவின் பஸ் வந்தது. வழியில் எந்த வண்டியும் எதிர்ப்படவில்லை என்றார் அவர். எட்டு மணிக்கு மேல் ஜப்பான்காரர்கள் தேடி வந்து வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். அண்ணன் கிடைக்கவில்லை.

சண்டை முடிந்து இரண்டு மாதம் கழித்து, அண்ணனுக்கு முன்பே சயாமுக்குப் போயிருந்த மருதமுத்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அண்ணனைக் காட்டு முகாமில் பார்த்ததாகச் சொன்னார். ஒருநாள் காலையில் ஆள் எண்ணும்போது ஒருவர் அதிகமாக இருந்தாராம்; அது அண்ணன்தானாம். எந்த நாள் என்று கேட்டேன். அன்றுதான் மருதமுத்துவின் சொந்தத் தம்பி முகாமில் இறந்தானாம். அதனால் தேதி மறக்கவில்லை.

ஆகஸ்ட் 14.

"இங்கிருந்து அங்க போய்ச் சேர எங்களுக்கு ஒன்பது நாள் ஆச்சு தம்பி. உங்க அண்ணன் மடியில மரவள்ளிக் கிழங்குப் பொட்டலம் இருந்துச்சு. எனக்குப் பாதி குடுத்தான்." மருதமுத்து தன் உள்ளங்கையைப் பார்த்தார். "வாங்கினப்போ இன்னும் சூடு ஆறல."

அம்மா அன்று விடியுமுன் அவித்துக் கட்டிக் கொடுத்தது அது.

அண்ணன் பத்தொன்பது நாள்தான் உயிரோடு இருந்தாராம். மருதமுத்துவே மண் தள்ளினாராம்.

"ஆனா அதுக்கப்புறமும் விடியக்காலையில அவன் குரல் கேக்கும். உங்களத்தான் கூப்பிடும்."

"என்னன்னு?"

"'தம்பி... என்னை இறக்கி விடுடா.'"