எதிர்பார்க்கும் பதில்

வாத்தியார்களுக்குப் பாடம் நடத்துவது, சமையல்காரர்களுக்குச் சமைத்துப் போடுவது மாதிரி. சாப்பிடுவார்கள், நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஒரு கல்லூரி. அஞ்சல்வழி எம்.ஏ. கல்வியியல் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே நேர்முக வகுப்பு. பாடத்திட்டமும் பயிற்றுமுறையும் என்கிற தாள் என் தலையில். வாரம் முழுக்கப் பாடம் நடத்தித் தொண்டை கட்டியவர்கள்தான் மாணவர்கள். நீங்களும் நோட்டு திருத்துகிற ஜாதி என்றால் மேலே படியுங்கள். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைசி பெஞ்சு

முதல் வகுப்பு. முன்னால் நான்கு பெஞ்சு காலி. எல்லாரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் லோகநாயகி. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை, ஐம்பது வயது. அவர் பள்ளியில் யாராவது கடைசி பெஞ்சுக்கு நகர்ந்தால் தொலைந்தான்.

"நீங்களே இப்படி உட்காரலாமா?" என்றேன். பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "முன்னாடி உக்காந்தா கேள்வி கேப்பீங்க சார். நாங்க அதான பண்றோம்."

ஆம்

பாடக் குறிப்பு எழுதியவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டத்தில் ஆசிரியர் கேட்கும் கேள்வி. பக்கத்துக் கட்டத்தில் 'மாணவரிடம் எதிர்பார்க்கும் பதில்'. வகுப்புக்குப் போவதற்கு முன்பே, இன்னும் வாயைத் திறக்காத பிள்ளைகளின் பதிலை நாம் எழுதி வைத்துவிட வேண்டும். காலியாக விட்டால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போகும்.

குன்றத்தூரிலிருந்து வரும் முருகன் நாற்பது நிமிடப் பாடத்துக்குக் குறிப்பு எழுதியிருந்தார். பதில் கட்டம் முழுக்க ஆம், ஆம், ஆம். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக அடித்தேன். எந்த வகுப்பில் ஐயா எல்லாப் பிள்ளையும் எல்லாவற்றுக்கும் ஆம் என்கிறது? முருகன் கொஞ்சமும் அசரவில்லை.

"எங்க ஸ்கூல்ல வந்து பாருங்க சார். அதைத் தவிர எதுவும் பேச வுட மாட்டோம்."

தூக்கம்

ஜெசிந்தா பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் உற்பத்தி லைனில் நின்றவர். அஞ்சலில் பி.ஏ. முடித்தார். அப்புறம் அங்கேயே புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஒரு ஞாயிறு, செகண்ட் ஷிப்டும் ஓ.டி.யும் முடித்து வந்திருந்தார். மாணவர் கவனத்தை ஈர்க்கும் பத்து வழிகள் பற்றி நான் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வழியில் ஜெசிந்தா தூங்கிவிட்டார். குறட்டை வேறு.

டஸ்டரை மேசையில் தட்டப் போனேன். லோகநாயகி கையைக் காட்டித் தடுத்தார். கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம்: வருகிற ஜூனுக்குள் கல்வியியலில் பட்டம் இல்லாத பயிற்சியாளர் எல்லாம் திரும்ப லைனுக்கு. ஜெசிந்தாவின் கால் நரம்பு ஏற்கெனவே சுருண்டு கிடக்கிறது. எட்டு மணி நேரம் இனி நிற்க முடியாது. இதையெல்லாம் காதோடு சொல்லிவிட்டு, கடைசியாக, "பதினோராவது வழி கெடைக்கிற வரைக்கும் தூங்கட்டும் சார்."

பத்து

கற்றல் நோக்கங்களை அளக்கும்படி எழுத வேண்டும். 'புரிந்துகொள்வர்' கூடாது. புரிந்ததை எந்த அளவுகோலால் அளப்பது? 'வரிசைப்படுத்துவர்', 'வரைந்து காட்டுவர்' என்று எழுத வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் பல் பாதி போயிற்று.

ஜெசிந்தாவின் பாடம், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினில் பாதுகாப்பு. ஐந்து நோக்கங்களில் முதலாவது: 'பயிற்சி பெற்றவர் விரல்களோடு வீடு திரும்புவர்.' சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன். இதை எப்படியம்மா அளப்பது என்றேன்.

"எண்ணலாம் சார். பத்து."

பேனாவை மூடினேன்.

நான்காவது முறை

ஆனால் அவருடைய பதில் கட்டத்தை விடவில்லை. முதல் முறை 'ஆம்' என்று எழுதியிருந்தார். திருப்பினேன். இரண்டாவது முறை 'ஆம், மேடம்'. திருப்பினேன். மூன்றாவது முறை, 'இயந்திரத்தை உடனடியாக நிறுத்தி மேற்பார்வையாளருக்குத் தகவல் அளிக்க வேண்டும்.' எந்த ஊர்ப் பெண் முதல் நாளில் இப்படிப் பேசும்? திருப்பினேன்.

நான்காவது முறை கட்டம் காலி. மொட்டையாக இருந்தது. மதிப்பெண் போகும், தேர்வாளர் வெளியூர், என் பேச்சு எடுபடாது என்றேன். அவருக்கும் கோபம். எனக்கும் கோபம். அந்தக் கோபத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.

"நான் எழுதுனா நீங்க அடிக்கிறீங்க. அந்தப் பொண்ணுங்களே வந்து சொல்லட்டும் சார்."

செய்முறைத் தேர்வு

தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்திலேயே தேர்வு. எனக்கும் தேர்வாளர் அம்மாவுக்கும் தலையில் மஞ்சள் தொப்பி. எனக்குக் கண்ணை மறைத்தது. முன்னால் புதிதாகச் சேர்ந்த இருபது பெண்கள். பழகுவதற்கு ஒரு பழைய பிரஸ் மெஷின், சிவப்புப் பட்டனோடு. ஜெசிந்தா சார்ட்டைக்கூடப் பிரிக்கவில்லை. முதல் கேள்வி கேட்டார்: "மெஷின்ல பீஸ் மாட்டிக்கிச்சு. இன்னா பண்ணுவ?"

தென்காசிப் பக்கத்துப் பெண் ஒன்று எழுந்தது. "கைய உள்ள விட்டு எடுத்துருவேன் மேடம்."

"ஏம்மா? சிவப்பு பட்டன் கீதே."

"லைன் நின்னுரும்லா. சூப்பர்வைசர் ஏசுவாக."

ஜெசிந்தா நோட்டை மூடி வைத்தார். திட்டம் அங்கேயே முடிந்தது. அதன் பிறகு அவரே சூப்பர்வைசர் ஆனார். ஒவ்வொரு பெண்ணையும் கூப்பிட்டுச் சிவப்புப் பட்டனை அழுத்தச் சொல்லி, பக்கத்தில் நின்று கத்தினார்: "இன்னாம்மா, லைன நிறுத்திட்டு வேடிக்கை பாக்கற?" பட்டனிலிருந்து கையை எடுக்காமல், "பீஸ் மாட்டிக்கிச்சு, நிறுத்திட்டேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். குரல் எழும்பாதவர்கள் திரும்ப வரிசையில். தென்காசிப் பெண் மூன்று முறை அழுத்தியது. மூன்றாவது முறை அது போட்ட சத்தத்தில் ஜெசிந்தாவே ஒரு அடி பின்னால் போனார். மணி அடித்தது. நான்கு நோக்கங்கள் தொடப்படவேயில்லை.

தேர்வாளர் அம்மா நோட்டை வாங்கினார். "திட்டப்படி நடக்கல. இந்தக் கட்டம் காலி. முதல் நோக்கம் இது என்ன சார், அளக்க முடியுமா?"

"எண்ணலாம் மேடம்" என்றேன்.

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்கள் இன்னும் ஒருவரையொருவர் சூப்பர்வைசராக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு காலிக் கட்டத்தில் தன் கையாலேயே எழுதினார்: 'கைய உள்ள விட்டு எடுத்துருவேன்.' அதற்குப் பக்கத்தில் எவ்வளவு போடலாம் என்று என்னைக் கேட்டார். முழுதும் என்றேன். போட்டார். ஜெசிந்தா தேறினார். ஜூனில் லைனுக்குப் போக வேண்டாம்.

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டையைக்கூடத் தேடினேன். ஜெசிந்தா கையை நீட்டினார்.

"அந்த நோட்ட குடுங்க சார். நாளைக்குக் காலைல அடுத்த பேட்ச் வருது."

முப்பத்தெட்டு வருடம் நோட்டு திருத்தியிருக்கிறேன். காலியாக விட்ட கட்டத்துக்கு முழு மதிப்பெண் போடச் சொன்னது இந்த ஒரு தடவைதான், அதை மற்ற மாணவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.