தோல் கிடங்கில் நான் உயிர் விட்ட கதை

பேசும் படம் வந்த புதிது. வேலூரில் நான் ராஜபார்ட் வேஷம் கட்டிக்கொண்டிருந்த நாடகக் கம்பெனியை அது ஒரே வருஷத்தில் ஏறக்கட்டிவிட்டது. பேசாமல் தன் எண்ணெய்க் கடையில் வந்து உட்காரும்படி மாமனார் சொல்லிவிட்டார். அதிலிருந்து தப்ப எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது: நானே கதை எழுதி, நானே நடித்து ஒரு படம் எடுப்பது. முதல் போடத்தான் ஆள் இல்லை.

ஆம்பூரில் தோல் கிடங்கு வைத்திருந்த ஒரு சாயபுவுக்கு சினிமா ஆசை உண்டு என்று யாரோ சொல்ல, காட்பாடியில் ரயில் ஏறிப் போய் இறங்கினேன். கிடங்கு முற்றத்தில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு நடுவே கட்டில் போட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர். தோல் ஊறும் தொட்டிகளிலிருந்து வந்த வாடைக்குத்தான் மூச்சை அடக்கிக்கொண்டு டீயைக் குடித்தேன்.

கதையைச் சொன்னேன். தம்பி என்று தெரியாமல் தம்பியையே தூக்கில் போட்டுவிடும் ராஜா, உண்மை தெரிந்ததும் விஷம் குடித்துச் சாகிறான். ராஜா சாவதற்குள் சாயபு இரண்டு கொட்டாவி விட்டார்.

"கதை சரிதான் தம்பி, ஆனா மனசுல ஒட்ட மாட்டேங்குதே" என்றார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நடித்தே காட்டுகிறேன் என்று எழுந்து, விஷம் குடித்து, கண்ணைச் செருகி, வாயில் நுரை தள்ளி, மண்ணில் விழுந்து கை காலை வெட்டி வெட்டி இழுத்தேன். வேலூர் ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்ட சாவு அது.

சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு ராஜாவைப் பற்றி என்ன தெரியும்? "ஐயோ, காக்கா வலிப்பு" என்று ஒரு அம்மா கத்தியதுதான் தாமதம், ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். வலிப்புக்கு வைத்தியம் ஊரறிந்ததுதானே: கையில் இரும்பு, மூக்கில் தோல். கிடங்குச் சாவியை என் கையில் திணித்தார்கள். வேறு ஊராயிருந்தால் ஒரு பழைய செருப்போடு போயிருக்கும். இங்கே தோலுக்கா பஞ்சம்? ஈரத்தோல் ஒன்று முழுசாக முகத்தில் வந்து விழுந்தது. நடிப்பு, நடிப்பு என்று அலறினேன். தோலுக்கு அடியிலிருந்து அலறினால் யாருக்குக் கேட்கும்? நான் திமிறத் திமிற, "இன்னாபா, ஜாஸ்தியா இழுக்குது, இன்னொண்ணு எடுத்துகினு வா" என்றார் ஒருத்தர். அதற்கப்புறம் நான் நடிக்கவில்லை, நிஜமாகவே மயங்கிப்போனேன்.

கண் விழித்தபோது என் தலை ஒரு தொழிலாளியின் மடியில் இருந்தது. சுண்ணாம்பு அரித்த கையால் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "ஒண்ணும் இல்ல சாமி, சரியாப் பூட்ச்சி" என்று சமாதானம் சொன்னார். சாயபு தன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். நடிப்புதான் என்று நான் முனகியதும் சிரிக்க ஆரம்பித்தவருக்கு அடங்கவே நேரமாயிற்று.

"நடிப்பு முதல் தரம் தம்பி. ஆனா இந்தப் படத்தை நம்ம ஜனங்க பார்த்தா, திரைமேலயே தோலைத் தூக்கிப் போட்ருவாங்க. கொட்டகைக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

அத்தோடு படம் போயிற்று. திரும்பும்போது என் வாடைக்கு ரயிலில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, படுத்துக்கொண்டே வந்தேன். மறுநாளே எண்ணெய்க் கடை.

அதற்குப் பிறகு திருவிழா நாடகங்களில் எத்தனையோ தடவை செத்திருக்கிறேன், எல்லா ஊரிலும் கைதட்டினார்கள். என்னைப் பிழைக்கவைக்க வேண்டும் என்று கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அந்தக் கிடங்கு ஜனங்கள் மட்டும்தான், அவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.