டோரீன் வரைந்த சுருள்

டோரீன் ஹெப்வர்த் இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடமாக உருளைக்கிழங்கு மசிக்கிறார். எங்கள் பித்தளை பேண்டில் டியூபா என்னும் பெரிய ஊதுவாத்தியத்தை வாசிப்பவரும் அவர்தான். சின்ன கார்னெட்டோ பெரிய டியூபாவோ, எங்கள் இசைத்தாள்களில் கோடுகளின் தொடக்கத்தில், எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்ல, பெரும்பாலும் ஒரே குறிதான் இருக்கும்: ட்ரெபிள் கிளெஃப். நாங்கள் அதைச் சுருள் என்போம். ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் அவர் வாத்தியத்தை எடுத்துக்கொள்ளலாம், விரல் பழக்கம் மாறாது. டோரீனுக்கு வேறு குறி தெரியாது.

நான் ஆறு வருடம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய மாதம், நகர ஆர்கெஸ்ட்ராவின் டியூபாக்காரர் கையை உடைத்துக்கொண்டார். டோரீனைக் கூப்பிட்டார்கள். சமையலறை முழுக்கச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை என் வேனில் போனோம். மதியம் ஒத்திகை, சாயங்காலம் கச்சேரி.

தாளைத் திறந்ததும் அவர் முகம் வெளுத்தது.

"சுருளைக் காணோம் கண்ணு. காது மாதிரி என்னமோ இருக்கு."

"அது பேஸ் கிளெஃப், டோரீன். இங்க டியூபாவுக்கு அப்படித்தான். எனக்கும் படிக்க வராது."

"உலகமெல்லாம் சுத்தினியே, இதைக் கத்துக்க நேரமில்லையாக்கும். பின்வாசல் எங்கேன்னு பாரு. திங்கக்கிழமை சமையலறைக்காரிக மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் ப்ராட்பென்ட் கோலை உயர்த்திவிட்டார். டோரீன் பென்சிலை எடுத்து, அந்தக் காதின் மேல் ஒரு சுருளை வரைந்தார்.

"தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணாவது இருக்கட்டும்."

ஊதினார். சுரம் சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. தப்பான சாவி பூட்டைத் திறந்துவிட்டால் வருமே, அந்தப் பயம் அவர் கண்ணில் நின்றது.

தேநீர் இடைவேளையில் பக்கத்து வாத்தியக்காரரிடம் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. அவருடையது ஈ ஃப்ளாட் டியூபா. காதைச் சுருள் என்று நினைத்து ஊதினால் அதில் சரியான சுரமே வரும், தொடக்கத்தில் உள்ள மூன்று ஃப்ளாட்களை விட்டுவிட வேண்டும். ஃப்ளாட் சுரத்தை அரைப் படி இறக்கும் குறி, ஷார்ப் ஏற்றும் குறி. பயத்தில் அவர் அந்த ஃப்ளாட்களைப் பார்க்கவே இல்லை.

"அடுத்த பாட்டுல ஃப்ளாட்டே இல்லையே, எதை விடுறது?"

"மூணு ஷார்ப் சேர்த்துக்கங்க."

"மறந்துட்டா?"

சாயங்காலம் கச்சேரியில் மறந்தார், ஒரே ஒரு முறை. ப்ராட்பென்டின் புருவம் உயர்ந்தது. அதன்பின் முடியும்வரை டோரீன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வசந்தத்துல இன்னொரு கச்சேரி இருக்கு, வர்றீங்களா மிசஸ் ஹெப்வர்த்?" என்றார் ப்ராட்பென்ட். "இது வாடகைத் தாள், அடுத்து வேற ஊருக்குப் போகும், பென்சில்ல எழுதினதை மட்டும் அழிச்சுக் குடுத்துடுங்க."

"வர்றேங்க."

உட்கார்ந்து, பென்சிலில் போட்டிருந்த சுருள்களையும் ஷார்ப்களையும் டோரீன் அழித்தார். முதல் சுருளில் ரப்பர் நின்றது.

"இது இருக்கட்டும்டி. அடுத்து நம்மள மாதிரி பேண்டுலேருந்து எவளாவது வந்து மாட்டுவா."

தாளை மூடி, திருப்பிக் கொடுக்க வேண்டிய தாள்களின் அடியில் செருகினார்.