கடைசி வாங்கில் இருந்து கும்பிட்ட எங்கள் அக்கா

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓர் ஆண்டு நிறைவுறுகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அக்காவின் குரலைப் பற்றியும் அவர் பழக்கிய பாட்டுகளைப் பற்றியும் மற்றவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். வாசித்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகளைப் பற்றி ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. “நல்லதை மட்டும் எழுது தங்கச்சி, கோயில் ஆக்களும் வாசிப்பாங்க” என்று சின்னண்ணா என்னிடம் சொன்னார். நல்லதைத்தான் எழுதுகிறேன். நடந்ததை விட்டுவிட்டு அக்காவின் நல்லதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா உச்சமுனைத் தீவில் பிறந்தவர். அப்பாவுக்குக் கடற்றொழில். அம்மா கருவாடு காயவைத்தார். தீவில் இருந்த சிறிய கோயிலுக்குச் சுவாமியார் வள்ளத்தில்தான் வரவேண்டும். கச்சான் காற்று எழும்பிக் கடல் கொந்தளித்தால் வரமாட்டார். அப்படியான ஞாயிறுகளில் சனம் கோயிலுக்குள் கூடியிருந்து செபமாலை சொல்லிவிட்டுக் கலைந்துபோகும். ஒருநாள் எல்லோரும் எழும்பப் போன நேரத்தில், சிறுமியாக இருந்த அக்கா தானாகவே ஒரு மாதா பாட்டைத் தொடங்கினாராம். எழும்பிய சனம் திரும்ப இருந்து பாடியதாம். “உன்னை ஆர் பாடச் சொன்னது?” என்று அம்மா கேட்டதற்கு, “ஒருத்தரும் சொல்லேல்ல. எனக்குப் போக மனம் வரேல்ல” என்றாராம்.

அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருடம் நாங்கள் எத்தாளைப் பக்கம் மாமாவின் வளவுக்கு வந்தோம். அக்கா பள்ளிக்கூடத்தை விட்டார். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். பிறகு தையல் பழகினார். சின்னண்ணாவும் நானும் படித்தது அந்தத் தையல் மெசினால்தான். அக்காவைப் பெண் கேட்டு நல்ல இடங்களில் இருந்து வந்தார்கள். “இவள் படிச்சு முடியட்டும்” என்று என்னைக் காட்டினார். நான் படித்து முடித்தபோது கேட்டு வர ஒருவரும் இருக்கவில்லை. இதை அவர் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழாமில் பின்வரிசையில் சேர்ந்த அக்கா, சில வருடங்களில் அதை நடத்துபவரானார். அதோடு கோயிலில் அவர் கை படாத வேலை இல்லை என்றாயிற்று. பீடத் துணிகளைத் தோய்த்தார். முதல் நன்மை எடுக்கும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தார். செத்த வீடுகளுக்குப் போய்ப் பாடினார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு உயிர்த்த ஞாயிறு மத்தியானம். வீடு நிறைய உறவுகள். அக்கா குசினியில் கறி கிளறிக்கொண்டு நின்றார். திடீரென்று குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

“தங்கச்சி, நான் இந்தப் பெரிய வாரம் கும்பிடவே இல்ல.”

“என்னக்கா கதை? முழு நாளும் கோயில்லதானே நிண்டீங்க?”

“நிண்டன். ஆர் பிந்தி வந்தது, ஆர் சுருதி விட்டது எண்டு பார்த்துக்கொண்டு நிண்டன். சிலுவையை முத்தி செய்யேக்கயும் பின்னால கையைக் காட்டி ‘சத்தத்தைக் கூட்டுங்கோ’ எண்டனான். எதை முத்தமிட்டன் எண்டே எனக்கு ஞாபகமில்ல.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அது புகையால் அல்ல.

அந்தக் கிழமையே அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். வியாழக்கிழமைகளில் தையலை மூடிவைத்துவிட்டுத் தலவிலைக்குப் பஸ் ஏறுவார். அன்னம்மாள் கோயிலில் மர இருக்கை வரிசையின் கடைசி வாங்கில் போய் இருப்பார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. பாட்டு எடுத்துக்கொடுக்கும்படி யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பூசை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும்.

“விளங்காத பூசைக்கு என்னத்துக்கு இவ்வளவு தூரம்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சிங்களப் பாட்டு எனக்குப் பாதிதான் தெரியும். அதால பிழை பிடிக்க ஏலாது. பிழை பிடிக்க ஏலாத இடத்திலதான் எனக்குக் கும்பிட வருது” என்றார்.

“அப்ப பாடகர் குழாமை விடுங்கோவன்.”

“அது வேற. வேலை செய்யிற ஆளுக்கும் ஒருக்கா முழங்காலில நிக்க வேணும். அவ்வளவுதான்.”

தலவிலைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு அவர் பாட்டுப் பழக்கும் விதமும் மாறியது. நடுவில் நிறுத்தி, “பாட்டுக் காணும், கொஞ்சம் சும்மா இருப்பம்” என்பார். சிலர் கண்ணை மூடி இருந்தார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. பழக வந்த இடத்தில் சும்மா இருக்கச் சொல்கிறார் என்று வெளியில் கதைத்தார்கள்.

இந்த விஷயங்களை அக்கா முழுமையாகத் திறந்து சொன்னது என்னிடம்கூட அல்ல. பாடகர் குழாமில் அவருக்கு வலது கையாக இருந்த ஒருவரிடம்தான். பெயரை எழுதவில்லை. எங்களுக்கு மச்சாள் முறை. ஊரில் பலருக்கு ஆளைத் தெரியும். அவர் எங்கள் வீட்டுக் குசினிக்குள் கேட்காமல் வந்து சோறு போட்டுச் சாப்பிடுவார். அவருடைய பிள்ளைகளின் முதல் நன்மை உடுப்புகளை அக்காதான் தைத்தார். அவரிடம் அக்கா ஒருநாள், “சில ஞாயிறு பாடேக்க எனக்கு உள்ளுக்க ஒண்டுமே இல்ல மச்சாள். வெறும் சத்தம்தான் வருது. ஆண்டவர் கேட்கிறாரோ எண்டும் தெரியேல்ல” என்று சொன்னார். முற்றத்தில் இருவரும் கதிரை போட்டு இருந்து கதைத்தார்கள். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மச்சாள் அக்காவின் கையைத் தடவிக்கொண்டு, “எனக்குச் சொன்னீங்கதானே, மனம் ஆறும்” என்றார்.

பிறகு பங்குக்குப் புதிய சுவாமியார் வந்தார். அந்த வருடத் திருநாளுக்கு ஆயர் வருவதாக இருந்தது. பாடகர் குழாமைப் புதிதாக யாராவது நடத்தினால் நல்லது என்ற கதை எங்கிருந்தோ கிளம்பியது. ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பங்குச் சபை கூடியது. மறைக்கல்வி ஆசிரியர்களின் சார்பில் நானும் அங்கே இருந்தேன்.

மச்சாள் எழுந்தார். என்ன சொல்வது என்று யோசித்துத்தான் வந்திருந்தார்.

“சுவாமி, எனக்கு அவவில மரியாதை இருக்கு. ஆனா அவவே சொன்னவ, பாடேக்க உள்ளுக்க ஒண்டுமில்ல, ஆண்டவர் கேட்கிறாரோ எண்டும் தெரியேல்ல எண்டு. வியாழக்கிழமையில எங்கயோ வெளியில செபத்துக்குப் போறாவாம். நம்பிக்கை இல்லாத ஆள் பீடத்துக்குப் பக்கத்தில நிண்டு பாட்டு எடுத்துக் குடுக்கிறது சரியோ எண்டு சபை யோசிக்க வேணும்.”

அக்கா போவது வேறு சபைக்கு அல்ல, தலவிலைக்குத்தான் என்பது மச்சாளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டொரு தடவை கூடவும் போயிருக்கிறார்.

சுவாமியார் அக்காவைப் பார்த்தார். “நீங்கள் இதைச் சொன்னீங்களா, அம்மா?”

“ஓம் சுவாமி. சொன்னனான்.”

நான் எழும்பினேன். “அவ போறது தலவிலைக்கு! அதையும் சொல்லச் சொல்லுங்கோ!” என்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டார். விளக்கம் சொல்ல அவர் வாய் திறக்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் செபம் படித்தவர்கள். அவருடைய தையலை உடுத்தியவர்கள். ஒருவர் யன்னலைப் பார்த்தார், ஒருவர் நிலத்தைப் பார்த்தார். அவருக்காக இன்னொரு குரல் எழவில்லை. “கொஞ்சக் காலம் ஓய்வெடுங்கோ” என்று சுவாமியார் மெதுவாகச் சொன்னார். திருநாளுக்குப் பாட்டு நடத்தும் பொறுப்பு மச்சாளுக்குப் போனது.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் பக்கத்து வீட்டு ராத்தா நின்றார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து, சிறுபிள்ளையாக, உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தவர். அக்காவின் முகத்தைப் பார்த்தவர் என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். 

“போகச் சொன்னவங்கட முகம் எனக்கு மறந்து போச்சு புள்ள” என்றார். “பாத்துக்கொண்டு நிண்டவங்கட முகம்தான் இன்னும் நிக்குது.”

திருநாளுக்குப் போகவேண்டாம் என்று அக்காவிடம் கெஞ்சினேன். போனார். சனத்துக்குள், எங்கள் கோயிலின் கடைசி வாங்கில் போய் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பாட்டுப் பிழைக்கவேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பிழைக்கவில்லை. அழகாகப் பாடினார்கள். எந்த இடத்தில் மூச்செடுக்கவேண்டும், எந்தச் சொல்லில் சத்தத்தைக் குறைக்கவேண்டும் என்பதெல்லாம் அக்கா பழக்கியபடியே இருந்தது. நற்கருணை நேரத்தில் அக்கா முகத்தை மூடி அழுதார். வீட்டுக்கு வரும் வழியில் அவரைத் தேற்றப் பார்த்தேன்.

“விடு” என்றார். “எத்தினையோ வருசத்துக்குப் பிறகு எங்கட கோயில்ல நான் ஒரு முழுப் பூசை கண்டிருக்கிறன்.”

அக்காவைப் புனிதையாக்க நான் விரும்பவில்லை. அவருக்குக் காயம் ஆறவில்லை. மச்சாளின் வீட்டைத் தாண்டிப் போகாமல் தோட்டங்களைச் சுற்றிக் கடைக்குப் போவார். தைத்துக்கொண்டிருப்பவர் மெசினை நிறுத்திவிட்டு, “எங்கட முற்றத்தில இருந்து கேட்டதை எப்பிடி அங்க கொண்டுபோனா?” என்று என்னிடம் கேட்பார்.  ஆனால் ஞாயிறும் வியாழனும் அவர் நிறுத்தவில்லை. கோபத்தோடு எப்படிப் போய்க் கும்பிடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “கோபத்தையும் கொண்டுதான் போறன். வீட்டில வைச்சிட்டுப் போனா அங்க போறது அரைவாசி ஆள்தானே” என்றார். அந்த நாட்களில் வேலை செய்தபடி தனக்குத்தானே மெல்லப் பாடத் தொடங்கியிருந்தார். உச்சமுனையில் பாடிய பழைய பாட்டுகள். யாருக்கும் பழக்குவதற்காக அல்ல.

பிறகு நோய் வந்தது. புத்தளம் ஆஸ்பத்திரி, கொழும்பு, திரும்பவும் வீடு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு பின்னேரம் மச்சாள் படலையடியில் வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். நான் படலையைத் திறக்கவில்லை.

“அக்காவைப் பார்க்கவேணும்.”

“பார்த்தது காணும். இனி இங்க கொண்டுபோக ஒண்டுமில்ல” என்றேன்.

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. “தங்கச்சி, விடு. வரட்டும்.”

மச்சாள் கட்டிலருகில் இருந்து அழுதார். அக்கா அவரை அழவிட்டார். அழுகை அடங்கிய பிறகு சொன்னார்: “நீ அண்டைக்குச் சபையில சொன்னதில தலவிலைக் கதைதான் பொய். மற்றது நான் சொன்னதுதான். ஆனா மச்சாள், அது நான் உனக்குச் சொன்னது. சபைக்குச் சொன்னதில்ல.”

“தெரியும்” என்றார் மச்சாள். அதன் பிறகு தன் மனதில் இருந்ததை, யாரிடமும் சொல்லாததை, அக்காவிடம் சொன்னார். நான் கதவடியில் நின்றேன். எல்லாம் கேட்டது. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்; ஒரு இடத்தில்கூட இடையில் பேசவில்லை. மச்சாள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“கேட்டனியா?”

“ஓம்.”

“கேட்டது உன்னோட நிக்கட்டும்.”

சில நாட்களில் அக்கா போய்விட்டார். விடியற்காலை, கோயில் மணி அடிக்கும் நேரம். என் கை அவருடைய நெற்றியில் இருந்தது.

இந்த மலர் ஊரின் ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது. மச்சாள் அன்று சொன்னதை இதில் எழுத எனக்கு ஒரு பக்கம் இருக்கிறது. எழுதினால் அக்காவுக்கு நடந்தது அப்படியே அவருக்கும் நடக்கும். பல நாட்கள் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். எழுதவில்லை. அது அக்காவுக்குச் சொன்னது.

நன்றி சொல்லவேண்டியவர்கள் பலர். அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, தன் தொழுகை நேரத்தில் அக்காவின் பெயரையும் சொன்ன ராத்தாவுக்கு. வாகனம் தந்த அயலவர்களுக்கு. வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும். நோயில் பூசுதல் கொடுத்து, தனியாக வந்து அக்காவிடம் மன்னிப்பும் கேட்ட சுவாமியாருக்கு. குழியடியில் பாடிய பாடகர் குழாமுக்கு. எங்கள் துயரில் நின்ற உறவுகளுக்கு. எங்கள் குடும்பம் இதை மறக்காது.

மச்சாளை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அக்காவின் மலரில் பொய் எழுதியதாகும். இப்போதும் ஞாயிறுகளில் அவர்தான் பாட்டு எடுத்துக்கொடுக்கிறார். நான் கடைசி வாங்கில் இருக்கிறேன். பல மாதங்கள் என் வாய் திறக்கவில்லை. போன ஞாயிறு ஒரு அடி பாடினேன். அடுத்த அடி வரவில்லை. என் கோபத்தையும் கொண்டுதான் வருகிற ஞாயிறும் போவேன்.

அக்காவின் ஆன்மா இளைப்பாற, வாசிக்கும் நீங்கள் ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்கள்.

பிரிவில் வாடும்,
தங்கை