விளம்பரத்தோடு தாண்டிப்போன எச்சரிக்கை

நான் இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் எங்கள் லயத்தில் மாலையானால் எல்லா வீட்டிலும் ஒரே நாடகம்தான் ஓடும். கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் டிவியோடு இணைக்க வாங்கித் தந்த பெட்டி அதைப் பதிவு செய்து, விளம்பரங்களைத் தானே தாண்டிவிடும். அதனால் சமையலை முடித்துவிட்டு, மற்றவர்களுக்குப் பிந்தித்தான் நான் பார்க்கத் தொடங்குவேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரையில் மழை இரைந்ததில் வெளியே நடந்தது எதுவும் காதில் விழவில்லை. நாடகம் முடிந்து டிவியை அணைத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் லெட்சுமி அக்கா வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே போய்ப் பார்த்தேன். அவர் வீட்டில் பூட்டு தொங்கியது. அடுத்த வீட்டிலும் பூட்டு. லயம் முழுக்க நானும் என் கைக்குழந்தையும் மட்டும்தான். பின்பக்கத்து வடிகால் கானில் செம்மண் குழம்பாக ஓடியது. மேட்டிலிருந்து கற்கள் உருளும் சத்தம் கேட்டது.

பிள்ளையை அள்ளிக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"மண்சரிவு வரும், எடத்த விட்டுப் போங்கன்னு வெளம்பரத்துக்கு நடுவுல போட்டாங்களே," என்றார் லெட்சுமி அக்கா. "ஒன் வீட்டு டிவி சத்தம் கேட்டுச்சு. நீயும் பாத்துட்டு வருவேன்னு நெனச்சோம்."

விடிவதற்குள் மேடு சரிந்து என் அடுப்படியை மூடியிருந்தது.

இப்போது மழைக்காலத்தில் எதையும் பதிவு செய்வதில்லை. சோப்பு விளம்பரத்தைக்கூடக் கடைசிவரை பார்க்கிறேன். லெட்சுமி அக்காவும் டிவி சத்தத்தை நம்புவதில்லை. மழை வலுத்தால் என் கதவைத் தட்டி, நான் வெளியே வந்த பிறகுதான் நகருவார்.