பாடுப் பட்டியலுக்கு ஒரு ஃபயர்வால்

ஏரியில் இறால் வலை போட எங்கள் குப்பத்தில் முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை இறக்கலாம் என்று ஊர்ச் சபையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பேர். பாடு இல்லாதவன் கூடப்பிறந்தவனுடைய இடத்தில்கூட வலை வைக்க முடியாது. பெண்களுக்குப் பாடு கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலை மூன்று வருஷமாக என் லேப்டாப்பில் அடித்துக் கொடுப்பவள் நான். அதுவே சில பேருக்கு உறுத்தல்.

சபைக் கட்டிடத்தில் வைஃபை வந்ததும், அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் பிரிண்ட் எடுக்க வசதியாக பட்டியல் இருந்த என் ஃபோல்டரைப் பொதுவில் திறந்து வைக்கப் பார்த்தேன். வெளியாட்கள் நுழையாமல் காவல் காக்கும் ஃபயர்வால் தடுத்தது. இது வீட்டு நெட்வொர்க்கா, பொது இடமா என்று லேப்டாப் கேட்டது. குப்பத்தில் மாமன், மச்சான், பங்காளி தவிர வேறு யார் இருக்கிறார்கள்? வீடு என்று சொல்லி, ஃபயர்வாலையும் அணைத்துவிட்டேன். சுத்த மடத்தனம்.

இந்த வருஷம் சுவரில் பட்டியலை ஒட்டினால், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம், நல்ல இறால் ஏறும் நாட்களில் என் தம்பி பேர் இருக்கிறது. சீட்டில் அந்த நாட்கள் விழுந்தது எதிர்வீட்டு மாமாவுக்கு.

அவர் சபையில் கத்தினார். "இன்னாம்மா இது? ஊருக்குப் பட்டியல் போடச் சொன்னா உன் வூட்டுக்குப் போட்டுக்கினியா?"

"பொம்பள கையில குட்த்தா இப்டித்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லேப்டாப்பைத் திறந்து, பட்டியலைக் கடைசியாகத் திருத்தியது யார் என்று பார்த்தேன். தம்பி பேர். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சபை வைஃபை வழியாக என் ஃபோல்டருக்குள் நுழைந்திருக்கிறான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வீட்டு மானம் தப்பியிருக்கும், என் மானம் போயிருக்கும். எழுந்து நின்று சொல்லிவிட்டேன். தம்பி தலையைத் தொங்கப்போட்டான். சீட்டு விழுந்தபடியே பட்டியலை அங்கேயே திருத்தினேன்.

"இனிமே ஆம்பள யாராச்சும் பாத்துக்கட்டும்" என்றார் தலைவர்.

"இத்தச் செஞ்சதும் ஆம்பளதான், தலைவரே" என்றேன்.

அத்தனை பேர் முன்னாலேயே ஃபயர்வாலைப் போட்டேன். தனியாக எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. லேப்டாப்போடு கூடவே வந்தது, நான்தான் அதைத் தூங்க வைத்திருந்தேன். சபை வைஃபையைப் பொது இடம் என்று மாற்றினேன். வெளியிலிருந்து வரும் எந்த இணைப்பையும் உள்ளே விடாதே என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பிரிண்டுக்கு இனி பென்டிரைவ் போதும்.

"சொந்த சனத்தையே வெளியாளுன்னு ஆக்கிட்டியேம்மா" என்றார் தலைவர்.

"ஆமா" என்றேன். எனக்கு அதில் கொஞ்சமும் வெட்கமில்லை.

எதிர்வீட்டு மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "பட்டியல் இந்தப் பொண்ணுகிட்டயே இருக்கட்டும். தம்பின்னுகூடப் பாக்கலையே." நான் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெளியே படகுகள் கட்டியிருந்த இடத்தில் தம்பி நின்றிருந்தான். "கூடப்பொறந்தவன்க்கா நானு. என்னையுமா உள்ள வுடமாட்ட?"

"அது என் எடம்டா. அங்க உனக்குப் பாடு கெடையாது."