பரீட்சை மாதத்து ஜாக்பாட்

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எனக்குக் கஞ்சப் பிசினாரி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் இல்லை, என் காதுபடவே சொல்வார்கள். மாதாமாதம் நடக்கும் ஹவுஸியில் நான் சீட்டே வாங்குவதில்லை என்பதுதான் அவர்கள் கண்ட குற்றம்.

இரண்டாயிரங்களின் நடுவில் பஹ்ரைனில், ஈசா டவுனில் குடியிருந்தோம். கணவருக்கு ஏசி கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர் வேலை. நான் திருச்சியில் கணக்கில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, ஃபேமிலி விசாவில் வந்து, மகனைக் கேஜிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தேன். படித்த படிப்பு சூப்பர் மார்க்கெட் பில்லைச் சரிபார்க்க மட்டுமே உதவிக்கொண்டிருந்தது.

மாதத்தில் ஒரு வியாழன் மாலை சங்கத்துக் குடும்பங்கள் வாடகை ஹாலில் கூடும். குழந்தைகள் ஆடுவார்கள், ஒருவர் நீளமாகப் பேசுவார், பிறகு ஹவுஸி, கடைசியில் பிரியாணி. ஹவுஸிச் சீட்டு ஒன்று அரை தினார். அதில் பதினைந்து எண்கள் இருக்கும். மேடையில் ஒருவர் ஒன்று முதல் தொண்ணூறு வரையுள்ள எண்களைக் குலுக்கி எடுத்துக் கூவுவார், நம் சீட்டில் இருந்தால் அடிக்க வேண்டும். பதினைந்தையும் முதலில் அடித்து முடிப்பவருக்கு ஒரு குக்கரோ டின்னர் செட்டோ கிடைக்கும். கூவிய முதல் ஐம்பது எண்களுக்குள் முடித்துவிட்டால் ஜாக்பாட், அதாவது தங்கக் காசு. யாரும் முடிக்காவிட்டால் அந்தக் காசு கண்ணாடி பாட்டிலில் தங்கிவிடும், அடுத்த மாதம் இன்னொன்று சேரும்.

பாட்டிலில் காசு ஏற ஏறச் சனம் அள்ளிக்கொண்டு வாங்கியது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பதுக்குள் ஒரு சீட்டு முடிவது குதிரைக்கொம்பு. சீட்டு விற்ற பணத்தில்தான் அடுத்த காசே வாங்குகிறார்கள். நம் பணத்தை வைத்து நமக்கே ஆசை காட்டுகிற வேலைக்கு நான் ஏன் கை நீட்ட வேண்டும்?

கணவருக்குத்தான் மானம் போயிற்று. “அரை தினார்ல என்ன கொறஞ்சு போயிடப் போறோம்? எல்லாரும் பாக்குறாங்க.”

“லாபம் வர்ற அன்னிக்கு வாங்குவோங்க. அதுவரைக்கும் பிரியாணி சாப்பிடுவோம்.”

“ஹவுஸில என்ன லாபம்? அது லக்கு.”

அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பேசுவது கணக்கு என்று இந்த ஒரு மனிதராவது நம்ப வேண்டும். அது மட்டும் போதும் என்றிருந்தது.

அந்த வருஷம் முழுக்க யாரும் ஜாக்பாட் அடிக்கவில்லை. மார்ச்சோடு சங்கக் கமிட்டியின் காலம் முடிகிறது. பாட்டிலை அடுத்த கமிட்டியிடம் கொடுக்கப் பழைய கமிட்டிக்கு மனசு வருமா? அடுத்த மாதம், அதாவது மார்ச்சில், ஐம்பது என்ற வரம்பு கிடையாது, யார் முதலில் முடித்தாலும் காசு மொத்தமும் அவருக்கே என்று பிப்ரவரிக் கூட்டத்திலேயே மைக்கில் அறிவித்துவிட்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது எந்த மாதம் என்பதில்தான் கண் போயிற்று.

மார்ச் பரீட்சை மாதம். கல்ஃபில் பிள்ளைக்குப் பத்தாவது பரீட்சை என்றால் வீட்டுக்கே பரீட்சை. கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள், விருந்தாளி வந்தால் மணி அடித்தும் கதவு திறக்காது. சின்ன வகுப்புகளுக்கும் அப்போதுதான் முழுப்பரீட்சை. கை தட்டியவர்களில் பாதிக்கு மேல் அன்று வரப்போவதில்லை. எங்கள் மகனுக்கோ ஏ, பி, சி, டி தவிரப் பாரமில்லை.

“இந்தத் தடவை வாங்குறோம். ஆளுக்கு ஒரு முழுத் தாள்” என்றேன். ஒரு தாளில் ஆறு சீட்டு. தொண்ணூறு எண்ணும் அதில் ஒரே ஒரு முறை வரும், ஆகவே எதைக் கூவினாலும் எங்காவது ஓரிடத்தில் அடிக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் வாங்கினால் கண் தவறும். முடித்ததும் அடுத்த எண் கூவுவதற்குள் கை தூக்காவிட்டால் சீட்டு செத்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எண்களைக் கூவ, கணவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அடித்துப் பழகினார். முணுமுணுத்துக்கொண்டேதான்.

“இதுவும் வரலன்னா இனிமே இந்தக் கணக்குப் பேச்சு வீட்டுல கூடாது. சரியா?” என்றார்.

சரி என்றேன். அடுத்த எண்ணைக் கூவினேன்.

நினைத்தபடியே ஹாலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. சீட்டு விற்பனை முடிந்ததும் மேஜைக்குப் போய் எவ்வளவு விற்றது என்று விசாரித்து வந்தேன். விற்ற சீட்டுப் பணம் எல்லாம் சேர்ந்தாலும் பாட்டிலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கணவரிடம் சொன்னேன். அவர் விரலால் தொடையில் எழுதிப் பார்த்தார்.

“அப்ப நாம குடுத்த ஒவ்வொரு அரை தினாரும்...”

“ஒன்றரை தினாருக்கு மேல நிக்குது.”

என் கணக்கைக் கேட்டு அவர் சிரிக்காதது அன்றுதான் முதல்முறை.

எண்கள் வர ஆரம்பித்தன. இருவரும் தலை நிமிரவில்லை. என் சீட்டு ஒன்றில் ஒரே எண் பாக்கி. ஓரக்கண்ணால் பார்த்தேன், அவர் சீட்டு ஒன்றிலும் ஒன்றுதான் பாக்கி. அப்போது முன்வரிசையில், டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்த ஒரு நர்ஸ் கையைத் தூக்கினார். அவர் வாங்கியது ஒற்றைச் சீட்டு. சரிபார்த்தார்கள், சரியாக இருந்தது. பாட்டிலை வாங்கும்போது அந்தப் பெண் அழுதுவிட்டார். நானும் கை தட்டினேன். காசு போனதில் வருத்தமில்லை, இனி வீட்டில் கணக்குப் பேச முடியாதே என்பதுதான் உறுத்தியது.

பிரியாணி வரிசையில் ஆண்கள் கணவரைப் பிடித்துக்கொண்டார்கள். “என்ன சார், இத்தன நாள் கழிச்சு வாங்குனீங்க. மேடம் கணக்கு கால வாரிடுச்சா?”

அவரும் சேர்ந்து சிரிக்கப்போகிறார் என்று தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கணக்கு சரிதாங்க. நம்பர்தான் வரல” என்றார்.

கேட்டவர் விடவில்லை. கணவரும் விடவில்லை. பாட்டிலில் எவ்வளவு, சீட்டு எவ்வளவு, பரீட்சை மாதத்தில் ஏன் கூட்டம் வராது என்று கரண்டியை ஆட்டி ஆட்டி விளக்கினார். ஒரு இடத்திலும் தப்பு இல்லை. நான் பெருமையில் நிமிர்ந்து நின்றேன்.

“அவ்வளவு லாபம்னா மொத்தச் சீட்டையும் நீங்களே வாங்கியிருக்கலாமே, ஏன் வாங்கல?” என்று இன்னொருவர் மடக்கினார்.

கணவர் என் பக்கம் கையைக் காட்டினார். “அத அவகிட்டயே கேளுங்க.”

கேட்ட இரண்டு பேரும் அவரும் தட்டோடு என் பக்கம் திரும்பினார்கள். “ஆளுக்கு ஆறு சீட்டுக்கு மேல போனா கண் தவறிடும்ங்க” என்று ஆரம்பித்தேன்.